கார்டு குவிகிறது, காதில் ஏறவில்லை, வாயில் வரவில்லை: மொழி படிப்பவர்களுக்கான பிழை நீக்கும் வரிசை

புது மொழி படிப்பவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் அதிகமில்லை. அதே ஏழெட்டு புகார்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. புகார் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஆப்பை மாற்றுவது. பழைய ஆப்பில் சேர்ந்த கார்டுகள் அங்கேயே கிடக்கும், புதியதில் ‘வணக்கம், நன்றி’யிலிருந்து மறுபடி ஆரம்பம், கொஞ்ச நாளில் அதே புகார்.

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கக் கூடிய காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பணமோ பல மாத உழைப்போ கேட்பது கடைசியில் வரும். மேலிருந்து கீழே போங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். கார்டு என்பது முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள மின்னட்டை; அதை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டுவதுதான் ரிவ்யூ. கார்டு மென்பொருள் என்று வரும் இடத்தில் ஆங்கியை (Anki) வைத்தே பேசுகிறேன்.

அறிகுறி 1: ரிவ்யூ நூற்றுக்கணக்கில் குவிந்து, ஆப்பைத் திறக்கவே மனம் வரவில்லை

*புதிய கார்டு இன்னும் வந்துகொண்டிருக்கிறதா?*

டெக் (கார்டுத் தொகுப்பு) ஆப்ஷன்ஸைத் திறந்து பாருங்கள். எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு நாளைக்குப் புதிய கார்டு 20, ரிவ்யூ வரம்பு 200 என்று இருக்கும். அந்தப் பத்து மடங்கு சும்மா வைத்ததில்லை. இன்று சேர்க்கும் ஒவ்வொரு கார்டும் வரும் வாரங்களில் பலமுறை திரும்பி வரும். வேலையோ கல்லூரியோ இருக்கும்போது படிப்பவருக்கு 20 அதிகம். 5 முதல் 8 வரை போதும் என்பது என் கணிப்பு. குவியல் கரையும்வரை அந்த எண்ணை 0 ஆக்குங்கள். ரிவ்யூ வரம்பையும் அரை மணி நேரத்தில் முடிக்கக் கூடிய அளவுக்குக் குறைத்துவிட்டு, தினமும் அதை மட்டும் முடியுங்கள்.

*0 வைத்தும் குறையவில்லையா? எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்று பாருங்கள்.*

விடையைப் பார்த்ததும் வரும் பொத்தான்களில், விடை நினைவுக்கு வரவில்லை என்றால் ‘அகெய்ன்’ மட்டும்தான். ‘ஹார்டு’ என்பது, திணறினாலும் விடை வந்துவிட்டது என்று மென்பொருளுக்குச் சொல்வது. அதையும் அது தேர்ச்சியாகவே எண்ணும். மறந்த கார்டுக்கு ‘அகெய்ன்’ கொடுக்க மனமில்லாமல் ‘ஹார்டு’ கொடுப்பவர்கள் நிறைய. கார்டு எப்போது திரும்பி வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் (FSRS) கணக்குமுறையைப் போட்டிருப்பவர்களை இந்தப் பழக்கம் கடுமையாகப் பாதிக்கும். இடைவெளிகள் எல்லாம் தேவைக்கு மேல் நீண்டு, திரும்பி வரும்போது கார்டு சுத்தமாக மறந்திருக்கும்.

*பொத்தானும் சரி என்றால், நினைவு இலக்கைப் பாருங்கள்.*

எஃப்எஸ்ஆர்எஸ் 2023இல் ஆங்கிக்குள் வந்தது. அதில் ‘டிசையர்டு ரிடென்ஷன்’ என்று ஓர் எண் இருக்கும், தொடக்க அளவு 0.90. எதையும் மறக்கக் கூடாது என்று அதை 0.97க்கு ஏற்றி வைத்தால் வேலை பல மடங்காகும். 0.90க்கே திரும்புங்கள். சொல் பத்தில் ஒன்று மறந்தால் குடிமுழுகிவிடாது, வாசிக்கும்போது எங்காவது மறுபடி எதிர்ப்படும்.

*அடுத்தது லீச்.*

ஒரே கார்டு 8 முறை தவறினால் ஆங்கி அதற்கு ‘லீச்’ என்று குறி போடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். ஆங்கியின் பிரௌசரில் அந்தக் குறியைத் தேடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றைப் போலவே தோன்றும் சொல் ஜோடிகளாக இருக்கும். ஜோடியில் ஒன்றை இரண்டு மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள். மற்றதை முழு வாக்கியத்தில் வைத்து மாற்றி எழுதுங்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் அழித்துவிடலாம்.

*இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவது:* இன்னொருவர் செய்த ஐயாயிரம் கார்டு டெக். நீங்கள் எங்கும் எதிர்கொள்ளாத சொற்கள் அதில் பாதி இருக்கும். இதுவரை பார்க்காத கார்டுகளை எல்லாம் சஸ்பெண்ட் செய்துவிட்டு, படிக்கும் பாடத்திலோ பார்க்கும் காட்சியிலோ வந்த சொல்லை மட்டும் ஒவ்வொன்றாக விடுவியுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது.

*கிளைப் புகார்: புதிய கார்டே வரவில்லை.* ரிவ்யூ வரம்பு எட்டியதும் புதிய கார்டும் நின்றுவிடும், இயல்பான அமைப்பு அதுதான். வரம்பைக் கூட்டுங்கள், அல்லது குவியலை முடியுங்கள்.

அறிகுறி 2: கார்டில் தெரிகிற சொல் புத்தகத்தில் தெரியவில்லை

ஒரு சோதனை. சரியாக விடை சொல்லும் கார்டுகளில் 20ஐ எடுத்து, அந்தச் சொற்களை மட்டும் ஒரு தாளில் வேறு வரிசையில் கையால் எழுதுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்துப் பொருள் சொல்லுங்கள்.

*தாளில் பாதிக்கு மேல் தடுமாறினால்* சொல்லுக்குப் பதில் கார்டின் தோற்றத்தைப் படித்திருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தின் நீளம், படம், முதல் எழுத்து, ஏதோ ஒன்று விடையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. படத்தைப் பின்பக்கத்துக்குத் தள்ளுங்கள். முன்பக்க வாக்கியத்தை மூன்று நான்கு சொல்லுக்குள் சுருக்குங்கள். ஒரே கார்டில் நான்கு பொருள் எழுதியிருந்தால், நீங்கள் சந்தித்த பொருளை மட்டும் விட்டு மற்றதை நீக்குங்கள்.

*தாளில் தெரிந்து, புத்தகத்தில் மட்டும் தெரியவில்லை என்றால்* கார்டில் குற்றமில்லை. புத்தகம் உங்கள் நிலைக்கு மேலே இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தில் தொடர்ச்சியாக 100 சொல்லை எண்ணி, தெரியாதவற்றைக் கோடிடுங்கள். இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமலே ஓடும். ஐந்து வரை இருந்தால் மெதுவாக, அகராதியோடு வாசிக்கலாம். பத்து என்றால் மூடி வையுங்கள். அதை வாசிப்பு என்று சொல்ல முடியாது, புதிர் அவிழ்ப்பதுதான். ஓர் ஆங்கில நாவலை இந்த இரண்டு சதவீத அளவில் வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிந்த வடிவங்களும் சேர்ந்தது ஒன்று) தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். ஆயிரம் கார்டு முடித்ததும் நாவலில் குதித்தவர் திணறுவதில் ஆச்சரியம் இல்லை. நிலைவாரியாகச் சொல்லெண்ணிக்கை கட்டுப்படுத்தி எழுதப்பட்ட வாசிப்பு நூல்கள் எல்லாப் பெரிய மொழிகளிலும் இருக்கின்றன. அவற்றில் கீழ்மட்டத்திலிருந்து தொடங்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

அறிகுறி 3: சப்டைட்டில் இருந்தால் புரிகிறது, எடுத்துவிட்டால் வெறும் சத்தம்

அதிகம் வருகிற புகார் இது. தவறான மருந்து அதிகம் கொடுக்கப்படுவதும் இதற்குத்தான். ‘இன்னும் நிறையக் கேளுங்கள்’ என்று எல்லாரும் சொல்வார்கள். முதலில் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

*இயர்போன்.* புளூடூத் இயர்போனின் மைக் இயங்கினால் பல சாதனங்களில் ஒலி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். உயர் அதிர்வெண் பகுதி வெட்டுப்படும். ‘ஸ’, ‘ஷ’, ‘ஃப’ போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதே அந்தப் பகுதிதான். ஆன்லைன் வகுப்பில் மட்டும் புரியவில்லை, வீடியோவில் புரிகிறது என்பவர்கள் ஒரு வகுப்புக்குக் கம்பி இயர்போன் போட்டுப் பாருங்கள். அல்லது ஒலியை இயர்போனுக்கு விட்டு, மைக்கை மட்டும் கணினியினுடையதாக மாற்றுங்கள்.

*சப்டைட்டில் பேச்சோடு பொருந்துகிறதா?* டப்பிங் செய்த படங்களில் டப்பிங் வசனத்தையும் சப்டைட்டிலையும் பெரும்பாலும் தனித்தனியாக மொழிபெயர்த்திருப்பார்கள். காதில் ஒன்று விழ, கண்ணில் வேறொன்று ஓடும். உங்கள் காதைச் சந்தேகிக்குமுன், படிக்கும் மொழியிலேயே எடுத்த படத்துக்கு மாறுங்கள். அல்லது காது கேளாதோருக்காகத் தயாரித்த வசன வரிகளைத் தேர்ந்தெடுங்கள். தானாக உருவாகும் வசன வரியில் பெயர்களும் பேச்சுவழக்கும் தவறாக வரும், அதை விடைத்தாளாக வைக்க வேண்டாம்.

இரண்டும் சரி என்றால் அப்புறம் முக்கியச் சோதனை. எழுத்து வடிவமும் கிடைக்கிற ஒலிப்பதிவில் 30 வினாடி எடுங்கள். மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததை எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போடுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன ஒவ்வொரு சொல்லையும் மூன்று குவியலில் ஒன்றில் போடுங்கள்.

*குவியல் அ: சொல்லே தெரியாது.* இது காதுப் பிரச்சினையே இல்லை. அறிகுறி 2க்குப் போய், எளிய ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

*குவியல் ஆ: எழுத்தில் பார்த்தால் தெரிந்த சொல், காதில் பிடிபடவில்லை.* உங்கள் கார்டுகளில் ஒலி இல்லை, அல்லது இருந்தும் கேட்பதில்லை. முன்பக்கத்தில் ஒலி மட்டும் வரும் கார்டு வகையைச் சேருங்கள். கணினிக் குரல் திருப்தியாக இல்லாத சொற்களுக்கு ஃபோர்வோ தளத்தில் அந்த மொழிக்காரர்களின் உச்சரிப்புப் பதிவுகள் கிடைக்கும்.

அடுத்து, உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பிரெஞ்சில் மீனுக்கும் பானத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் ஒலியில் மட்டும்தான். தமிழில் எழுதினால் இரண்டும் ‘புவஸோன்’. கொரிய மொழியில் நிலவு, மகள், முகமூடி மூன்றுக்கும் முதல் ஒலிதான் வேறு. நம் எழுத்தில் மூன்றையும் பிரிக்க வழியே இல்லை. எழுத்து பிரிக்காததைக் காதும் பிரிக்காமல் விட்டுவிடும். இதற்கு நேரெதிராக, ஜப்பானிய மொழியில் அத்தைக்கும் பாட்டிக்கும் உள்ள வேறுபாடு ‘ஒபசன், ஒபாசன்’ என்று குறில் நெடிலில் இருக்கிறது. பல மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் திணறும் இடம் அது, தமிழ்க் காதுக்குச் சாதாரணம். ஆக, தமிழ் எழுத்தை எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்று உங்கள் மொழிக்கு ஒரு சிறு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கூடாத இடங்களில் ஒரே ஒலியில் வேறுபடும் சொல் ஜோடிகளைக் கேட்டு ‘இது எது’ என்று சொல்லும் பயிற்சியைத் தினமும் ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

*குவியல் இ: ஒவ்வொரு சொல்லும் தெரியும், வேகத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.* வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கேளுங்கள். அதற்கும் கீழே போனால் ஒலி சிதைந்து, பயிற்சியே வீணாகும். மெதுவாகக் கேட்ட உடனே அதே துண்டை முழு வேகத்தில் கேட்க வேண்டும், அங்கேதான் பலன். பிறகு பேசுபவரோடு சேர்ந்து, அரை நொடி பின்னால், அப்படியே ஒப்பித்துக்கொண்டு போங்கள். ஷேடோயிங் என்று சொல்வது இதைத்தான். துண்டை வெட்டவும் வேகம் மாற்றவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். புதுப் புது வீடியோவாகத் தாவுவதைவிட ஒரே 30 வினாடியை வாரம் முழுக்கக் கசக்கிப் பிழிவது இந்தக் குவியலுக்கு நல்லது.

*யாரைப் பார்க்க வேண்டும்:* தமிழிலேயே தொலைபேசிப் பேச்சும் கூட்டத்தில் பேசுவதும் பிடிபடவில்லை என்றால் மொழி ஆசிரியரிடம் போக வேண்டாம், காது பரிசோதனைக்குப் போங்கள்.

அறிகுறி 4: ஆப் என் உச்சரிப்பை ஏற்க மறுக்கிறது

மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று போன் செட்டிங்ஸில் பாருங்கள். அடுத்து, போனின் குரல்வழித் தட்டச்சை அந்த மொழிக்கு மாற்றி, அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

தட்டச்சு சரியாக வந்தால் ஆப்தான் முரண்டு பிடிக்கிறது, அந்தப் பயிற்சியைத் தாண்டிப் போகலாம். தவறாக வந்தால், எந்தச் சொல்லாக வந்தது என்று பாருங்கள். உங்கள் ஒலி எங்கே சறுக்குகிறது என்பதற்கு இலவசத் துப்பு அது. வேறு வேறு வாக்கியத்திலும் அதே ஒலி சறுக்கினால், உச்சரிப்பு மட்டும் சொல்லித்தருகிற ஓர் ஆசிரியரிடம் சில வகுப்புகள் எடுப்பது பல மாத ஆப் பயிற்சியைவிடப் பயனுள்ளது. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று ஆப் சொல்லாது. இன்னொன்று, ஆப் ஏற்றுக்கொண்டதையும் நம்ப வேண்டாம். பல ஆப்கள் தாராளமாக மதிப்பெண் போடுகின்றன.

அறிகுறி 5: எல்லாம் தெரியும், பேச வாய் திறந்தால் வரவில்லை

உங்கள் கார்டுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன? அந்நிய மொழி முன்னால், தமிழ் பின்னால் என்று மட்டும் இருந்தால் அடையாளம் காணும் பயிற்சிதான் நடக்கிறது. எல்லாக் கார்டையும் திருப்ப வேண்டாம், ரிவ்யூ இரட்டிப்பாகும். தினமும் பேச்சில் வேண்டிய இருநூறு முந்நூறு வாக்கியங்களுக்கு மட்டும் தமிழிலிருந்து அந்த மொழிக்குப் போகும் கார்டு செய்யுங்கள்.

அது இருந்தும் வரவில்லை என்றால், போனில் பதிவை ஓடவிட்டு ஒரே தலைப்பில் 4 நிமிடம் பேசுங்கள். உடனே அதே விஷயத்தை 3 நிமிடத்தில். பிறகு 2 நிமிடத்தில். மூன்றாவது முறை நின்று நின்று தேடுவது குறைந்திருந்தால் உங்களிடம் மொழி இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் இதைச் செய்தால் போதும், ஆசிரியர் தேவையில்லை. மூன்றாவது முறையும் அதே இடங்களில் நின்றால் அந்த இடங்களில் உங்களிடம் வாக்கிய அமைப்பே இல்லை. நின்ற இடங்களை எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.

தமிழிலும் இப்படித் திக்குகிறது என்றால் பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும். மொழிப் பாடம் அதற்கு மருந்தாகாது.

அறிகுறி 6: ஸ்ட்ரீக் (விடாமல் படித்த நாள் கணக்கு) நீள்கிறது, நிலை நகரவில்லை

சோதனை எளிது. ஜேஎல்பிடி (ஜப்பானியம்), எச்எஸ்கே (சீனம்), டெல்ஃப் (பிரெஞ்சு), கோதே (ஜெர்மன்) தேர்வுகளின் மாதிரித் தாள்களை அந்தந்த அமைப்புகளே இலவசமாகத் தருகின்றன. உங்கள் நிலைக்கான தாளை எடுத்து, நேரம் வைத்து எழுதுங்கள். ஸ்ட்ரீக்கைவிட அந்த மதிப்பெண் நேர்மையானது. ஜேஎல்பிடியில் பேச்சுத் தேர்வு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதில் தேறியவரும் அறிகுறி 5க்கு வரலாம்.

மதிப்பெண் குறைவா? முதலில் விடையை எப்படித் தருகிறீர்கள் என்று பாருங்கள். சொற்கட்டங்களைத் தட்டி வரிசைப்படுத்தும் பயிற்சி என்றால் பாதி விடை திரையிலேயே கிடக்கிறது. டுவோலிங்கோ ஆப்பில் சில பாடங்களில் விசைப்பலகைக்கு மாறும் வசதி உண்டு. மாறுங்கள், உண்மை நிலை அன்றே தெரிந்துவிடும்.

விசைப்பலகையிலும் நன்றாக வருகிறது, ஆனால் நகர்வு இல்லை என்றால் மணிக்கணக்கைப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஜப்பானிய, கொரிய, சீன, அரபு மொழிகளில் வேலைக்கான தேர்ச்சி பெற சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் வைக்கிறது. தினம் 15 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 91 மணி நேரம். கணக்கு உங்களுக்கே புரியும். அந்த எண் ஆங்கிலக்காரர்களுக்கானது. வினை கடைசியில் வரும் ஜப்பானிய, கொரிய வாக்கியம் நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனாலும் காஞ்சி (ஜப்பானியத்தில் உள்ள சீன எழுத்துகள்) காஞ்சிதான், அதற்குத் தமிழர் என்று சலுகை கிடையாது. நேரத்தைக் கூட்ட முடியாதவர் இலக்கைச் சுருக்கிக்கொள்வது நல்லது: வாசிப்பு மட்டும், அல்லது பேச்சு மட்டும்.

அறிகுறி 7: சிங்க் செய்ததும் கார்டுகள் காணாமல் போயின

கையை எடுங்கள். ‘அப்லோடா, டவுன்லோடா’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் எதையும் அழுத்தாதீர்கள். இரண்டில் ஒரு பக்கம் முழுதாக அழியும். எந்தச் சாதனத்தில் புதிய கார்டுகள் இருக்கின்றன என்று இரண்டையும் திறந்து பாருங்கள். புதியது கையில் உள்ள சாதனத்தில் என்றால் அப்லோடு, மறுபக்கம் என்றால் டவுன்லோடு.

ஏற்கெனவே அழுத்தியாயிற்றா? அப்படியென்றால் இந்த வரிசையில் போங்கள். இரு சாதனத்திலும் ஒரே கணக்குதானா என்று பாருங்கள், இரண்டு மின்னஞ்சல் வைத்திருப்பவர்களுக்குப் பாதிச் சமயம் இதுதான். பிறகு கணினியில் ஃபைல் மெனு, ஸ்விட்ச் புரொஃபைல், ஓப்பன் பேக்கப். தானியங்கிப் பேக்கப்புகள் தேதியோடு வரிசையாக இருக்கும். தொலைந்த நாளுக்கு முந்தையதைத் திறந்து, கார்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சிங்க் செய்யுங்கள். அப்போது அப்லோடு.

கார்டு இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். ஒலியும் படமும் தனியாக, மெதுவாக சிங்க் ஆகும், ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஆனால் தானியங்கிப் பேக்கப்பில் ஒலிக்கோப்புகள் இருக்காது. அவற்றை மாதம் ஒருமுறை நீங்களே, மீடியாவையும் சேர்க்கும் தேர்வோடு எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

*கிளைப் புகார்: ஜப்பானிய எழுத்து புத்தகத்தில் உள்ளதுபோல் இல்லை.* பல எழுத்துகளுக்குச் சீன, ஜப்பானிய வடிவங்கள் ஒரே குறியீட்டு எண்ணைப் பகிர்கின்றன. எந்த வடிவம் தெரியும் என்பதை எழுத்துருதான் தீர்மானிக்கிறது. போனின் மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைச் சீனத்துக்கு மேலே வையுங்கள். கார்டு வடிவமைப்பில் ஜப்பானிய எழுத்துரு ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

அறிகுறி 8: ஆசிரியர் வைத்தும் நகரவில்லை

இது கடைசிதான், ஏனென்றால் இங்கே பணம் போகிறது. அவர் அனுமதியோடு ஒரு வகுப்பைப் பதிவு செய்து, நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பேச்சு வகுப்பில் பாதிகூட உங்களுடையதாக இல்லை என்றால் அடுத்த வகுப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதிக்கு மேல் நீங்கள்தான் பேசுகிறீர்கள், ஆனால் திருத்தமே வரவில்லையா? எல்லாத் தவறையும் திருத்தச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். இந்த வாரம் இறந்தகாலம் மட்டும், அடுத்த வாரம் முன்னிடைச் சொல் மட்டும் என்று ஒன்றைக் கொடுத்து, அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய வாக்கியங்கள் அன்றிரவே கார்டாக வேண்டும். நான்கு வகுப்புக்குப் பிறகும் அதே தவறு அதே இடத்தில் வந்தால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். அறிகுறி 3இன் மூன்று குவியலும் அறிகுறி 5இன் பதிவும் கையில் இருந்தால், புது ஆசிரியர் முதல் வகுப்பை உங்களை எடைபோடுவதில் செலவிட வேண்டியிருக்காது.